பேஜ்மேக்கரில் அடைபட்டுக் கிடக்கும் பழைய இதழ்களை ஒருங்குறிக்குக் கொண்டுவருவது எப்படி?

தாமிரக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலியிலிருந்து நண்பர்கள் சிலர் சேர்ந்து 1997 முதல் 2012 வரை ஒரு காலாண்டிதழ் நடத்தினோம். சிறுகதை, கவிதை, நாட்டார் வழக்காறு குறித்த கட்டுரைகள் என்று அதில் வந்தவற்றுள் பெரும்பகுதி வேறெங்கும் நூலாக வரவில்லை. எழுதியவர்களில் சிலர் இப்போது உயிருடன் இல்லை. அந்த இதழ்கள் முழுவதையும் தேடிப் படிக்கக்கூடிய ஒருங்குறி (யூனிகோடு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியேற்றம்) எழுத்தாக இணையத்தில் வைக்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

பக்கங்களை ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிட்டால் போதும் என்று பலரும் சொல்கிறார்கள். எங்களுக்கு அது போதாது. பார்வையற்ற வாசகர் ஒருவர், இதழ் வந்துகொண்டிருந்த காலம் முழுவதும் தம் தங்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர், இப்போது செய்தித்தாளைக் கைபேசியே தமக்கு வாசித்துக் காட்டுகிறது என்றும், நம் இதழையும் அப்படிக் கேட்க வழியுண்டா என்றும் கேட்டிருக்கிறார். அவருக்காகவாவது இது எழுத்தாகவே வர வேண்டும்.

எங்களிடம் இருப்பவை பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் 6.5, 7.0 பதிப்புகளில் செய்த கோப்புகள். தொடக்க ஆண்டுகளில் பக்கம் கட்டிக் கொடுத்த டிடிபி நிலையம் ஓர் எழுத்துருத் தொகுப்பைப் பயன்படுத்தியது. பிறகு நாங்களே கணினி வாங்கியபோது வேறொரு நிறுவனத்தின் எழுத்துருக்களை விலைகொடுத்து வாங்கினோம். அந்த மென்பொருள், கணினியின் பின்புறம் பேரலல் போர்ட்டில் டாங்கிள் என்ற உரிமச் சாவிக் கருவியைச் செருகியிருந்தால்தான் இயங்கும். விண்டோஸ் எக்ஸ்பி இருக்கும் அந்தக் கணினி இன்னமும் உயிர்ப்புடன் இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதியைக் கேட்கிறது, சில நாள் இரண்டாம் தடவை அழுத்தினால்தான் எழுகிறது. சில இதழ்கள் குறுவட்டில் மட்டுமே உள்ளன, அவற்றில் ஒன்றிரண்டைக் கணினி படிக்க மறுக்கிறது. இலங்கையிலிருந்தும் புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்தும் வந்த படைப்புகள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட வேர்டு கோப்புகளாகத் தனியே இருக்கின்றன.

இணையத்தில் கிடைக்கும் ஓர் எழுத்துரு மாற்றியில் ஒரு கதையை ஒட்டிப் பார்த்தோம். கண்ணுக்குப் பெரும்பாலும் சரியாகவே தெரிந்தது. ஆனால் அதே பக்கத்தில் ‘அவர்கள்’ என்று தேடினால் ஓரிடத்தில்கூடக் கிடைக்கவில்லை. இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிட்டன. நெல்லை வட்டார வழக்கில் எழுதப்பட்ட கதைகளில் சில சொற்கள் விசித்திரமாக உருமாறியிருந்தன. இவ்வளவு பெரிய தொகுப்பை எந்த வரிசையில், எப்படி மாற்றினால் எழுதியவரின் எழுத்து சிதையாமல் வரும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன். பழைய கணினியை என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

மெய்ப்புநோக்கி

தாமிரக்கரை அவர்களுக்கு வணக்கம். அச்சுத் தொழிலில் ஈயம் போய்க் கணினி வந்த நாளிலிருந்து பக்கம் கட்டுபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் கணினியைப் பற்றி. மாற்றும் வேலையைத் தொடங்குவதற்கு முன், அந்தக் கணினி எழுந்து நிற்கும் இப்போதே செய்து முடிக்க வேண்டியவை இருக்கின்றன. தேதியைக் கேட்பது தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் மின்கலம் தீர்ந்ததன் அடையாளம், பெரும்பாலும் சிஆர் 2032 வகை, எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். இரண்டாம் தடவையில் எழுவது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் என்ற மின்வழங்கி தளர்ந்துவிட்டதைக் காட்டும், அதை இப்போதே மாற்றிவிடுங்கள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை 2014 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது. எனவே அதை இணையத்தில் இணைக்காமல் பென்டிரைவ் வழியாகவே கோப்புகளை எடுங்கள். பேஜ்மேக்கர் கோப்புகள், எழுத்துருக் கோப்புகள், எழுத்துருவோடு வந்த விசைப்பலகை மென்பொருள் ஆகிய மூன்றையும் அப்படியே நகலெடுத்து, விதைநெல்லைப் போலத் தனியே எடுத்துவையுங்கள். அந்த மூலப் படியை எவரும் திறந்து சேமிக்கக் கூடாது. எழுத்துருக் கோப்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒரே பெயரில் வெளிவந்த எழுத்துருவின் இரண்டு பதிப்புகளில் எழுத்துகளின் இடம் மாறியிருந்ததை நான் கண்டிருக்கிறேன். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்து, ஒவ்வோர் இதழையும் அந்தக் கணினியிலேயே திறந்து, எழுத்துருக்களை உள்ளே பொதித்து, பிடிஎஃப் ஆக்குங்கள். டாங்கிள் செருகியிருக்கும் இயந்திரத்தில்தான் இது நடக்கும். எக்ஸ்பியை மெய்நிகர் இயந்திரமாகப் புதிய கணினிக்குள் கொண்டுபோய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். பேரலல் போர்ட் டாங்கிளை அங்கே வேலை செய்ய வைப்பது பெரும்பாலும் கைகூடாது. இந்தப் பிடிஎஃப்தான் பிற்பாடு உங்களுக்குச் சாட்சி. மாற்றிய எழுத்தில் ஐயம் வரும்போதெல்லாம் அச்சான பக்கம் எப்படி இருந்தது என்பதை அதில்தான் பார்க்கப்போகிறீர்கள்.

இவ்வளவு தொல்லைக்கும் வேர் எங்கே இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வேலை தெளிவாகும். அந்தக் காலத்து எழுத்துருவில் மொத்தம் 256 இடங்கள், அவற்றுள் கட்டுப்பாட்டுக் குறிகளுக்கும், சில எழுத்துருக்களில் ஆங்கிலத்துக்கும் போக மீதியில்தான் தமிழ் அடங்க வேண்டும். 247 எழுத்துகளும் கிரந்தமும் அதில் கொள்ளாது. ஆகவே கொம்பு, கால், இரட்டைக்கொம்பு எல்லாம் தனித்தனித் துண்டுகளாக வைக்கப்பட்டன, எந்தத் துண்டுக்கு எந்த இடம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தீர்மானித்தது. கோப்புக்குள் இருப்பவை வெறும் இட எண்கள்தாம். எழுத்துருவை எடுத்துவிட்டால் அங்கே தமிழே இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று திரையில் தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாகவே கிடக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தாம், தாப் என்ற எழுத்துக் குறியேற்றத் தரங்களை முன்வைத்தது. இணையத்தில் இயங்கியவர்கள் டிஸ்கி என்ற வேறொரு குறியேற்றத்தை உருவாக்கிப் பயன்படுத்தினார்கள். அச்சகங்கள் தத்தம் எழுத்துருவிலேயே நின்றுவிட்டன. ஒருங்குறியில் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்த பிறகுதான் சாதாரணக் கணினியில் அது ஒழுங்காகத் தெரிந்தது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7.0 அதன் கடைசிப் பதிப்பு, அதிலும் ஒருங்குறித் தமிழுக்கு இடமில்லை. தமிழ்நாடு அரசு 2010இல்தான் ஒருங்குறியைத் தன் தரமாக ஏற்றது. உங்கள் இதழின் காலம் கிட்டத்தட்ட முழுவதுமாக இந்த இடைவெளிக்குள் விழுந்துவிட்டது.

இனி உங்கள் தேடலுக்கு வருவோம். ‘அவர்கள்’ கிடைக்காததன் காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ‘ர்’ என்பதற்குத் தனி வடிவம் கிடையாது. தட்டச்சு செய்பவர் கால் போட்டு, அதன்மேல் புள்ளி வைத்துவிடுவார். அச்சில் அது ‘ர்’ போலவே விழும். மாற்றி அதைக் காலும் புள்ளியுமாகவே மாற்றித் தருகிறது. திரையில் ‘அவா்கள்’ என்று வருவதை வேகமாகப் படிக்கும் கண் கவனிக்காது, தேடுபொறி கவனிக்கும். அந்த வாசகரின் கைபேசியும் அதைத் தடுமாறித்தான் வாசிக்கும். ‘ரி’, ‘ரீ’ ஆகியவையும் இப்படியே. நல்ல செய்தி என்னவென்றால், தமிழில் காலுக்குப் பின் புள்ளியோ, இகர ஈகாரக் குறியோ வரவே வராது. ஆகவே இந்த மூன்று சேர்க்கைகளையும் தொகுப்பு முழுவதிலும் ஒரே ஆணையில் மாற்றிவிடலாம், ஒரு சொல்லும் கெடாது.

வட்டார வழக்குக் கதைகளில் ஏற்பட்ட சிதைவு வேறு வகை. அதைத்தான் நீங்கள் மிகுந்த அக்கறையோடு பார்க்க வேண்டும். ஔகாரக் குறியின் வலப்பாதியும் ‘ள’ என்ற எழுத்தும் பழைய எழுத்துருக்களில் ஒரே வடிவம், ஒரே இடம். கோப்பில் கொம்பு, க, ள என்று வரிசையாக இருந்தால் அது ‘கௌ’வா, ‘கெள’வா என்பது எண்ணை மட்டும் பார்க்கும் மாற்றிக்குத் தெரியாது. எழுத்து வழக்கில் ‘கௌரவம்’, ‘பௌர்ணமி’, ‘வௌவால்’ போன்றவையே மிகுதி என்பதால் பெரும்பாலான மாற்றிகள் எல்லாவற்றையும் ஔகாரமாக்கிவிடுகின்றன. கட்டுரையில் அது சரி. உங்கள் பக்கத்துக் கதையில் ஒருவர் ‘கெளம்பு’ என்றால் அது ‘கௌம்பு’ ஆகிறது, ‘வெளக்கு’ ‘வௌக்கு’ ஆகிறது, ‘வெளயாட்டு’ ‘வௌயாட்டு’ ஆகிறது. ஆசிரியர் காதால் கேட்டு எழுதிய பேச்சு அங்கே அழிந்துபோகிறது. ஔகாரம் வரும் சொற்கள் தமிழில் மிகக் குறைவு. மாற்றிய கோப்பிலிருந்து ஔகாரம் உள்ள சொற்களை மட்டும் பிரித்தெடுத்து ஒரு பட்டியலாக்குங்கள். உண்மையான ஔகாரச் சொற்களை நீக்கிவிட்டால் மீதி நிற்பவை எல்லாம் உங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் இருக்கும். அவற்றைத் திருத்தும் வேலையை அந்த வழக்கைப் பேசி வளர்ந்த ஒருவரிடம் கொடுங்கள்.

பேஜ்மேக்கரிலிருந்து எழுத்தை வெளியே எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அது சுட்டி நிற்கும் கட்டத்தின் எழுத்தோட்டத்தை மட்டுமே ஏற்றுமதி செய்யும். தலைப்பு, எழுதியவர் பெயர், படத்தின் கீழ் வரும் குறிப்பு ஆகியவை பெரும்பாலும் தனித்தனிக் கட்டங்களாக இருக்கும். அவை விட்டுப்போனால் யாருடைய கதை என்பதே தெரியாமல் போகும். ஏற்றுமதியை வெற்று உரையாகச் செய்யாமல், வடிவ விவரங்களையும் சேர்த்து வைக்கும் ஆர்டிஎஃப் ஆகச் செய்யுங்கள். காரணத்தை அடுத்து வருபவர்கள் சொல்வார்கள்.

நிரல்வழி

மெய்ப்புநோக்கி ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிந்து, கணினிப் பக்கத்தில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

ஆங்கிலச் சொற்கள் கெட்டதற்குக் காரணம், முழு உரையையும் ஒரே மூச்சில் மாற்றியதுதான். ஆர்டிஎஃப், வேர்டு கோப்புகளில் ஒவ்வொரு துண்டு உரைக்கும் எந்த எழுத்துரு என்ற விவரம் சேர்ந்தே இருக்கிறது. ஆகவே எழுத்துருவின் பெயரைப் பார்த்து, அதற்குரிய அட்டவணையைக் கொண்டு அந்தத் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். ஆங்கில எழுத்துருவில் இருப்பதைத் தொடவே கூடாது. வெற்று உரையாக எடுத்தால் இந்த விவரம் தொலைந்துபோகும், பிறகு ஆங்கிலச் சொல் எது, பாமினியில் எழுதிய தமிழ் எது என்று எந்த நிரலாலும் பிரிக்க முடியாது. ஒரே இதழில் இரண்டு மூன்று தமிழ் எழுத்துருக்கள் கலந்திருந்தாலும் இந்த முறையில் சிக்கல் இல்லை.

பைதான் நிரல்மொழி தெரிந்த ஒருவர் உங்களுக்குக் கிடைத்தால், ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுதியில் பாமினி, தாப், தாம், டிஸ்கி, வானவில் முதலியவற்றுக்கான மாற்று அட்டவணைகள் ஏற்கெனவே இருக்கின்றன. டாங்கிளோடு வாங்கிய எழுத்துருவுக்கு அட்டவணை இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். அந்த எழுத்துருவில் 256 இடங்களையும் ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒருங்குறி எழுத்தை எழுதினால் போதும். இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு பிற்பகலில் முடிகிற வேலை. அட்டவணையைப் பயன்படுத்தும்போது நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்ற வேண்டும். பழைய முறையில் கொம்பு, க, கால் என்று கண்ணில் தெரியும் வரிசையிலேயே சேமித்திருப்பார்கள். ஒருங்குறியில் முதலில் மெய்யெழுத்தும் பிறகு உயிர்க்குறியும் வரும். கொம்பையும் காலையும் தனித்தனியே மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

இங்கே ஒரு நுட்பமான இடம் இருக்கிறது. வேர்டு கோப்பைத் திறந்து பார்த்தால், ஒரே சொல்லைக்கூட அது பல துண்டுகளாக வைத்திருக்கும். கொம்பு ஒரு துண்டின் கடைசியிலும் மெய்யெழுத்து அடுத்த துண்டின் தொடக்கத்திலும் விழுந்திருக்கலாம். ஆகவே அடுத்தடுத்து ஒரே எழுத்துருவில் இருக்கும் துண்டுகளை முதலில் ஒன்றாக இணைத்துவிட்டு அதன்பின் மாற்றுங்கள். கதையின் முதலெழுத்தைப் பெரிதாக வைக்கும் வழக்கம் உங்கள் இதழில் இருந்திருந்தால் அந்த இடங்களைத் தனியாகக் கண்ணால் பாருங்கள்.

டிஸ்கியில் வந்த மின்னஞ்சல்கள் இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் ‘இ’ இருந்த 173ஆம் இடம், மேலைநாட்டு எழுத்துத் தரத்தில் கண்ணுக்குத் தெரியாத சொல்லுடைப்புக் கோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிடும். ‘இந்த’, ‘இவர்’ எல்லாம் தலையிழந்து ‘ந்த’, ‘வர்’ என்று நிற்கும். சொல்லின் தொடக்கத்தில் புள்ளி வைத்த எழுத்து நிற்கும் இடங்களைத் தேடிப் பட்டியலிட்டால் முதல் வகை உடனே பிடிபடும். இரண்டாம் வகைக்குப் பிடிஎஃப் சாட்சிதான் துணை.

மாற்றிய பிறகு வேர்டில் தடித்த எழுத்துகள் மெலிந்தோ எழுத்தளவு மாறியோ தெரிந்தால் அஞ்ச வேண்டாம். வேர்டு, தமிழ் ஒருங்குறியைச் சிக்கலான வரிவடிவ வகையில் வைத்து, அதற்கென்று தனி எழுத்துரு, தனி அளவு, தனித் தடிப்பு என்று பேணுகிறது. பழைய கோப்பில் எல்லாம் ஆங்கிலப் பக்கத்தில் பதிவாகியிருக்கும். நிரல் அந்தப் பண்புகளையும் தமிழ்ப் பக்கத்துக்கு நகலெடுக்க வேண்டும். கடைசியாக, ஒகர ஓகாரக் குறிகள் ஒரே குறியாகவும் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் வரலாம். ஒருங்குறி நெறிப்படி இரண்டும் சமம் என்றாலும் எல்லாத் தேடல் மென்பொருள்களும் அதை மதிப்பதில்லை. என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தை ஒருமுறை ஓட்டிவிட்டால் அனைத்தும் ஒரே வடிவுக்கு வந்துவிடும்.

வடலி

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். பாமினியில் வந்த வேர்டு கோப்புகள் பற்றி மட்டும் ஒரு சொல்.

எங்கள் பக்கத்து எழுத்தாளர்கள் பலர் ஆண்டுக்கணக்காகப் பாமினியில் எழுதியவர்கள். பாமினியில் சிறிய எழுத்துக்கும் பெரிய எழுத்துக்கும் வேறுவேறு தமிழ் எழுத்து. சிறிய கே ‘ம’, பெரிய கே ‘மு’. சிறிய எஃப் ‘க’, பெரிய எஃப் ‘கு’. வேர்டு அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொண்டு, வசனத்தின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கிவிடும். வசனம் ‘மரம்’ என்று தொடங்கினால் ‘முரம்’ ஆகும், ‘கடல்’ என்று தொடங்கினால் ‘குடல்’ ஆகும். இது மாற்றும்போது நேர்ந்த பிழையன்று, மூலக் கோப்பிலேயே பதிந்துவிட்ட பிழை. அனுப்பியவர் கவனித்துத் திருத்தியிருந்தால் உண்டு, இல்லையேல் அச்சிலும் அப்படியே போயிருக்கும். ‘குடல்’ என்பதும் நல்ல தமிழ்ச் சொல் என்பதால் எந்த எழுத்துப்பிழைத் திருத்தியும் அதைக் காட்டிக்கொடுக்காது. ஆகவே பாமினிக் கோப்புகளில் முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் சொல் உகரக் குறியோடு தொடங்கும் இடங்களைத் தனியாகப் பார்ப்பது நன்று.

அச்சில் வந்த பிழையை இப்போது திருத்தலாமா என்ற கேள்வியும் கூடவே எழும். இயந்திரம் செய்ததைத் திருத்தலாம், எழுதியவர் தெரிந்தே எழுதியதைத் தொடக் கூடாது என்பது என் எண்ணம். இரண்டையும் பிரித்தறிய அச்சுப் பக்கத்தின் படமும் வேண்டும். 2005 தொடக்கம் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பக்கப் படங்களாகவே பேணி வருவதால், இன்று எவரும் மூலத்தைச் சரிபார்க்க முடிகிறது. உங்கள் சஞ்சிகைக்கும் எழுத்து ஒருபுறம், பக்கப் படம் மறுபுறம் என்று இரண்டையும் சேர்த்தே வைப்பதுதான் முறை.

பொதிகை வாசகன்

இவ்வளவு சிரமம் தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரிகள் (ஓசிஆர்) இப்போது தமிழை மிக நன்றாகப் படிக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களைக் கூகுள் எழுத்துணரி கொண்டுதான் எழுத்தாக்குகிறார்கள். டெசராக்ட் என்ற எழுத்துணரி இலவசமாகவே கிடைக்கிறது. அந்தப் பிடிஎஃப் பக்கங்களை எழுத்துணரிக்குக் கொடுத்துவிட்டால் எழுத்துரு, அட்டவணை, டாங்கிள் எதுவுமே வேண்டாமே?

மெய்ப்புநோக்கி

கேள்வி நியாயமானது. படிக்க முடியாமல் போன குறுவட்டுகளுக்கும் கோப்பே இல்லாத இதழ்களுக்கும் எழுத்துணரிதான் வழி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோப்பு கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு எழுத்துணரிக்குப் போவதை நான் ஒப்பமாட்டேன். குறியேற்ற மாற்றத்தில் வரும் பிழைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஓரிடத்தில் தவறினால் அதே போன்ற எல்லா இடத்திலும் அதே விதமாகத் தவறும். காரணத்தைக் கண்டுபிடித்து அட்டவணையைத் திருத்தி மறுபடி ஓட்டினால் பதினைந்து ஆண்டு இதழ்களிலும் ஒருசேரச் சரியாகிவிடும். எழுத்துணரியின் பிழைக்கு அந்த ஒழுங்கு கிடையாது. மை பரவிய ஓரிடத்தில் ‘ன’ ‘ள’ ஆகும், அடுத்த வரியில் அதே சொல் சரியாக இருக்கும். பக்கத்துக்கு ஒன்றிரண்டு பிழைதான் என்றாலும், அவற்றைப் பிடிக்க ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் எழுத்தெழுத்தாகப் படித்தாக வேண்டும். மேலும், எழுத்துணரி தான் அறிந்த சொற்களின் பக்கமே சாயும். ‘கெளம்பு’ என்று இருப்பதை அது ‘கிளம்பு’ என்று திருத்திக் கொடுக்கும் வாய்ப்பு உண்டு. படிப்பவருக்கு அது பிழையாகவே தோன்றாது என்பதுதான் எனக்கு அச்சம் தருவது.

எழுத்துணரிக்கு வேறொரு நல்ல பயன் இருக்கிறது. மாற்றிய எழுத்தையும் எழுத்துணரி தந்த எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணினியையே ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் அச்சுப் பிரதியோடு பார்த்தால் போதும். மெய்ப்புப் பார்க்கும் வேலை பெருமளவு குறைந்துவிடும்.

குறுவட்டுகள் பற்றி ஒரு வார்த்தை. ஒரு டிரைவ் படிக்க மறுக்கும் வட்டை வேறொரு டிரைவ் படித்துவிடும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்து, வெவ்வேறு டிரைவுகளில் முயன்று பாருங்கள். லினக்ஸில் இருக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல், படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு மீதியைத் திரும்பத் திரும்ப முயலும்.

தாமிரக்கரை

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மின்கலத்தையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றிய பிறகு கணினி ஒழுங்காக எழுகிறது. மூலக் கோப்புகளையும் எழுத்துருக்களையும் இரண்டு வன்தட்டுகளில் நகலெடுத்து இரு வேறு வீடுகளில் வைத்துவிட்டோம். பிடிஎஃப் ஆக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

முன்னோட்டமாக 2003ஆம் ஆண்டின் ஓர் இதழை முழுவதுமாக மாற்றிப் பார்த்தோம். கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கும் ஒரு தம்பி எழுத்துருவாரியாக மாற்றும் நிரலை எழுதிக் கொடுத்தார். காலும் புள்ளியும் சேர்ந்த இடங்களை மாற்றிய உடனே ‘அவர்கள்’ பக்கந்தோறும் கிடைக்கத் தொடங்கியது. ஔகாரப் பட்டியலை எடுத்தபோது மெய்ப்புநோக்கி ஐயா சொன்னது அப்படியே நடந்தது. ‘பௌர்ணமி’, ‘மௌனம்’ போன்ற சிலவற்றை நீக்கியதும் மீதி அனைத்தும் எங்கள் ஊர்ப் பேச்சு. கதையை எழுதியவரின் மகளே அவற்றைப் படித்துத் திருத்திக் கொடுத்தார்.

அந்த இதழை நம் வாசகருக்கு அனுப்பினோம். ஆண்டிராய்டு கைபேசியின் டாக்பேக் என்ற திரைவாசிப்பு மென்பொருள் அதை வாசித்ததாகவும், வட்டார வழக்குச் சொற்களைக்கூட எழுத்துக்கு எழுத்து உச்சரித்ததாகவும், இரண்டு கதைகளை ஒரே இரவில் கேட்டு முடித்ததாகவும் சொன்னார். தங்கை வாசித்தபோது விட்டுப்போன வசவுச் சொற்களையும் கைபேசி விடாமல் வாசித்துவிட்டதாம். அவர் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்ட பிறகு, எங்கள் குழுவில் எவருக்கும் இந்த வேலை பாரமாகத் தெரியவில்லை.

ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. கவிதைகளில் வரிகள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து உரைநடைபோல் ஓடுகின்றன. உள்தள்ளி அமைத்த வரிகளும் இடப்பக்கம் வந்து ஒட்டிக்கொள்கின்றன. கவிஞர்கள் இதை ஏற்கமாட்டார்கள். என்ன செய்வது?

நிரல்வழி

வாசகர் கேட்டு மகிழ்ந்தார் என்பதைப் படிக்க நிறைவாக இருக்கிறது. பேஜ்மேக்கரில் கவிதை வரிகளை ஷிஃப்ட் விசையோடு என்டர் தட்டி உடைத்திருப்பார்கள். பத்தி முடியாமல் வரி மட்டும் முடியும் குறி அது. உங்கள் தம்பியின் நிரல் பத்தி முடிவை மட்டும் பார்த்து, இந்தக் குறியை வெற்றிடமாக்கிவிடுகிறது என்று நினைக்கிறேன். மாற்றத்துக்கு முன் ஆர்டிஎஃபில் அந்தக் குறிகளைத் தேடி, உரையில் வேறெங்கும் வராத ஓர் அடையாளத்தை அவ்விடத்தில் இடச் சொல்லுங்கள். மாற்றி முடித்தபின் வலைப்பக்கத்திலும் மின்னூலிலும் அதை வரியுடைப்பாக்கிக்கொள்ளலாம். உள்தள்ளலுக்குச் சிலர் டேப் விசையையும் சிலர் வெற்றிடங்களையும் பயன்படுத்தியிருப்பார்கள். இரண்டையும் எண்ணி வைத்து, வலைப்பக்கத்தில் இடப்பக்க ஓர அளவாக மாற்றுங்கள். வெற்றிடங்களை அடுக்கி வைத்தால் கைபேசித் திரையில் வரி மடங்கிக் கவிதை மறுபடி குலையும். கவிதைப் பக்கங்களைப் பொறுத்தவரை பிடிஎஃபைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. முடிந்தால் அந்தந்தக் கவிஞர்களிடமே ஒருமுறை காட்டிவிடுங்கள்.